எதிர் அணியின் கண்

பிலோமினா துறைமுகக் கல்லூரியின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராகச் சம்மதித்த மறுநாளே, வியாசர்பாடியில் அவள் வீட்டுச் சமையலறையில் பேசும் கேமரா ஒன்றை மாட்டினார்கள். கல்லூரிப் போட்டிகளின் விதி அது; ஏற்பாடு அழகானது. கல்லூரி ரகசியமாகப் பரிசு கொடுத்து ஆள் பிடிக்கிறதா என்று, கையெழுத்துக்கு முன் நாற்பது நாள் பார்க்க வேண்டும். அதைச் சம்பளமில்லாமல், கண் கொட்டாமல் செய்யக்கூடியவர்கள் எதிர் அணி ரசிகர்கள்தான். இங்கே மலைக்கோட்டைக் கல்லூரியின் ரசிகர்கள்; கேமரா வழியே பார்ப்பதும் பேசுவதும் அவர்களே. மோசடி தெரிந்தால் பிலோமினாவின் இடம் போய்விடும்.

"அந்த வஞ்சிரம் யாரு குடுத்தது?" என்று முதல் நாளே கேமரா அதட்டியது.

"என் மாமியாரு. நம்பலன்னா அவங்களையே விசாரிங்க, எனக்கும் ஒரு நாள் நிம்மதி," என்றாள் அம்மா லூர்துமேரி.

பத்தாம் நாள், "அக்கா, பால் பொங்குது!" என்று முப்பது பேர் ஒன்றாகக் கத்தினார்கள். இருபதாம் நாள் லூர்துமேரிக்குக் காய்ச்சல் வந்தபோது, முறை வைத்து மாத்திரையை நினைவுபடுத்தினார்கள்.

நாற்பதாம் நாள் பிலோமினா துறைமுகத்தின் படிவத்தை ஒதுக்கிவிட்டு, மலைக்கோட்டைக் கல்லூரியின் படிவத்தில் கையெழுத்திட உட்கார்ந்தாள்.

"என்னாடி இது?"

"மாத்திரை போட்டியான்னு துறைமுகத்துல ஒருத்தராவது உன்னைக் கேட்டாங்களாம்மா?"

துறைமுக ரசிகர்கள் கொதித்தார்கள். அன்பு காட்டி ஆள் பிடிப்பதும் மோசடிதான் என்று புகார் எழுதினார்கள். விதிப்படி மறுநாள் காலை அவர்களுடைய கேமரா சுவரேறியது. இன்னும் நாற்பது நாள். லூர்துமேரி சண்டைக்குத் தயாராக இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வணக்கம்க்கா," என்றது ஒரு தேன் குரல். "சாப்டீங்களா?"