நாற்பது விநாடி

அலமாரிச் சாவி மேலாளரின் மேசையில், இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எடுக்கத்தான் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் எடுத்தான்.

மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன், அங்கே பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றது. மூச்சைக் கண்காணிக்கும் கருவியில் உடனே அலறியிருக்க வேண்டிய மணி, நாற்பது விநாடி கழித்துத்தான் அலறியது. தரை துடைக்க வந்த அம்மாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டதால் உயிர் தங்கியது.

அந்த மணியை அடிக்கச் சொல்லும் நிரலை எழுதியவன் அவன்.

 அன்றிலிருந்து தன் நாலாயிரம் வரிகளையும் எழுத்து எழுத்தாகத் துருவிவிட்டான். தூங்கும் மகளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிப் போனது.

மூச்சு நின்ற அதே விநாடியில் அவன் நிரல் 'அடி' என்று கட்டளை கொடுத்திருந்தது. பதிவில் தெளிவாக இருந்தது. கட்டளை அங்கிருந்து லைப்ரரிக்குள் போயிருந்தது. வேறொரு நிறுவனம் எழுதி விற்ற ஆயத்த நிரல் அது. உள்ளே போன கட்டளை நாற்பது விநாடி என்ன செய்துகொண்டிருந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

விற்றவர்கள், தங்கள் பக்கம் பிழை இல்லை என்று கைகழுவிவிட்டார்கள். அந்த லைப்ரரியின் மூலநிரல் ஒரு பென்டிரைவில் அலமாரிக்குள் இருந்தது. விற்ற நிறுவனம் இழுத்து மூடப்பட்டால் ஒழிய அதைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

லைப்ரரியைத் திறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று வீட்டில் புலம்பியபோது, வேறு லைப்ரரிக்குப் போகக் கூடாதா என்று கேட்டாள் மனைவி. சிரிக்கக்கூட அவனால் முடியவில்லை.

மேலாளரிடம் மூன்று முறை கெஞ்சியிருந்தான்.

"கார் ஓட்டுறவனுக்கு எஞ்சின் எதுக்குப்பா? நீ உன் புரோகிராமைப் பாரு." மூன்று முறையும் இதே பதில்தான்.

பிரேக் பிடிக்காதபோது எங்கே போய்ப் பார்ப்பதாம்?

அலமாரியிலிருந்து எடுத்த பென்டிரைவைச் செருகினான். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையை அணைத்தான். கட்டளை போன வழியிலேயே போனான். ஒரு கோப்பு, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று.

இருந்தது. ஏற்கெனவே ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தால், அது ஓயும் வரை அடுத்த மணி காத்திருக்க வேண்டும். யாரோ நல்ல மனதோடு பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்கள்: இரண்டு மணிகள் சேர்ந்து அடித்தால் செவிலியர்களுக்குத் தொந்தரவு.

அன்றைக்கு அதே கருவியோடு இணைத்திருந்த பக்கத்துத் தொட்டிலில் ஒரு வயர் கழன்று, சின்ன மணி ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி.

அப்பாடா என்றிருந்தது. தப்பு தன்னுடையது இல்லை.

அடுத்த மூச்சிலேயே வேறொன்று உறைத்தது. இதே லைப்ரரி அறுநூறு கருவிகளில் இருக்கிறது. அறுநூறும் இந்த நிமிடம் எங்கெங்கோ தொட்டில்களுக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கின்றன.

சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் இன்னொரு தொட்டில்.

மேலாளர் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியதும் பின்னாலேயே போய் நின்றான்.

"மேடம், லைப்ரரியத் திறந்து பாத்துட்டேன். தப்பு அதுலதான் இருக்கு. ஒரே ஒரு வரி."

திட்டுக்காகக் காத்திருந்தான். அவர் திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நானூத்திப் பன்னெண்டாவது வரியா?"

அதேதான். ஆனால் எண்ணை அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.