முன்வரிசை ரசிகர்

புங்க மரத்தடியில் கவியரங்கம் நடந்தது. எருமைதான் தலைமை. எதிரே கோழிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. முன்வரிசையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பூனை.

அணிலின் முறை வந்தது. முந்தாநாள் பூனை தின்றுவிட்ட தன் குட்டியைப் பற்றித்தான் அது எழுதியிருந்தது. மேடை நாகரிகம் கருதி, தின்றது யார் என்று மட்டும் எழுதவில்லை.

"கூட்டில் உன் சூடு இருக்கிறது. நீ இல்லை" என்று வாசித்தது.

"அடடா" என்றது பூனை. "அந்த வரியை இன்னொரு தடவை சொல்லுங்க."

கவியரங்கத்தில் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். அணில் சொன்னது. கோழிகள் இறக்கைகளைத் தட்டின. மறுபடியும் கேட்டன, மறுபடியும் சொன்னது. பூனை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அதைப் பார்த்ததும் அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கிழித்து வீசியது.

"எதுக்குத் தட்டுறீங்க? என் பிள்ளையைத் தின்னவன் உங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்கான். அவன் மீசையில என் பிள்ளையோட ரோமம் இன்னும் ஒட்டியிருக்கு. உங்க வீட்டுலயும்தான் தினம் ஒரு குஞ்சு குறையுது. திரும்பி அவன் முகத்தைப் பாருங்க."

புங்க மரமே அதிரும்படி கைதட்டல் எழுந்தது.

"தாளைப் பார்க்காமலே சொல்றாங்க பாருங்க" என்று எருமை நெகிழ்ந்துபோனது. கோழிகள் எல்லாம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

பூனை எழுந்து நின்று தட்டியது.

"அந்த மீசை வரி" என்றது, மீசையை நிதானமாக நக்கித் துடைத்துக்கொண்டே. "இன்னொரு தடவை."