முதல் வரி

"இந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிடு, டெனிஸ். எத்தனை தடவை சொல்றது?" என்றார் குழுத் தலைவர் மரே.

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். லோசா இரண்டு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய சோதனைக்காலம் அன்றோடு முடிகிறது. சாயந்தரத்துக்குள் முதலாளியம்மா டெனிஸ் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரு என்றோ, போ என்றோ.

மரே சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய திரை. எல்லோரும் எழுதிய புரோகிராமை ஒன்றாகச் சேர்த்துக் கம்பைல் செய்யும்போது எங்காவது இடித்தால், எரர் செய்தியின் முதல் வரியை மட்டும் சிவப்பில் கொட்டை எழுத்தில் காட்டும். லோசாவின் ஃபைல் பெயர் அதில் இருந்தது. இன்றைக்கும்.

நியூசிலாந்தில் பால் பண்ணைகளுக்குப் புரோகிராம் எழுதித் தரும் அந்த ஹாமில்டன் ஆபீஸில் ஒரு வழக்கம். முதல் வரியில் யாருடைய ஃபைல் வருகிறதோ, அவர் மறுநாள் காலை டீக்கு எல்லோருக்கும் தின்னக் கொண்டுவர வேண்டும். லோசா சேர்ந்ததிலிருந்து வேறு யார் வீட்டிலும் இதற்காக அடுப்பு எரியவில்லை. வாழைப்பழக் கேக், சீஸ் ஸ்கோன், சமோவாக்காரர்கள் செய்கிற தேங்காய்ப்பால் பன் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தாள். ஆளுக்கு இரண்டாக எடுத்துத் தின்றார்கள். தின்ற வாய் காய்வதற்குள் இவளுக்கு வேலை தெரியாது என்றார்கள்.

அவள் எழுதியிருந்தது ஒரு டெம்ப்ளேட். அச்சு மாதிரி. பால் லிட்டரைக் கொடுத்தால் சராசரி போட்டுத் தரும், கன்றுக்குட்டியின் எடையைக் கொடுத்தாலும் போட்டுத் தரும். அவள் வருவதற்கு முன்னால் இருந்த பழைய அச்சில் யாராவது தப்பான சரக்கைப் போட்டுவிட்டால், கம்பைலர் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கும். பிழை எங்கே என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. அதை மட்டும் யாரும் பேசவில்லை.

நாளைக்கு மோரின்ஸ்வில் பண்ணைகளுக்குப் புரோகிராம் போயாக வேண்டும், மாடெல்லாம் நம்ம கம்பைலர் சரியாகட்டும் என்று மடியைப் பிடித்துக்கொண்டு நிற்காது என்று மரே எகிறினார்.

பக்கத்து மேஜை கர்ஸ்டி பெருமூச்சு விட்டாள். "நானும் எவ்வளவோ சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், டெனிஸ். கேக் நல்லா பண்றா. வேலைதான் வரல."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

டெனிஸுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. வேனில் தராசு ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் பேரம் பேசி விற்று வளர்ந்தவர். எந்த ஒப்பந்தத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். ஏமாற்றுகிறவன் அங்கேதான் ஒளிந்திருப்பான் என்பது அவர் அடிபட்டுக் கற்றது.

என்னம்மா சொல்ற என்று லோசாவைக் கேட்டார். கொஞ்ச நேரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்றாள் அவள்.

"பாத்தியா? தப்பை ஒத்துக்கவும் மாட்டேங்குறா" என்றார் மரே.

"மரே, அந்த எரரை உன் கம்ப்யூட்டர்ல எடு. முழுசா படி" என்றார் டெனிஸ்.

மரே சந்தோஷமாக எடுத்தார். சத்தமாகப் படித்தார். "லோசாவோட ஃபைல். 'இந்த அச்சுக்குள் எண் அல்லாத ஒன்று வந்திருக்கிறது. கொடுத்தவர் கீழே.'"

நிறுத்திவிட்டார்.

"கீழ படி."



டெனிஸ் போய்க் குனிந்து பார்த்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "இது யாரோட ஃபைல்?"

மரேயின் காது சிவந்தது. "என்னோடது. லிட்டரைக் கொடுக்கிறதுக்குப் பதிலா மாட்டோட காதுல மாட்டுற அடையாள வில்லையில இருக்கிற எழுத்தைக் கொடுத்திருக்கேன்."

லோசா தன் அச்சின் வாசலில் ஒரு காவல் போட்டிருந்தாள். தப்பான சரக்கு வந்தால் உள்ளே விடாமல், கொடுத்தவர் பெயரையும் சொல்லி நிறுத்தும். காவல் அவள் ஃபைலில் இருந்ததால் முதல் வரியில் அவள் பெயர். திருடனைப் பிடித்துக் கத்திய வாட்ச்மேனைத்தான் இத்தனை நாளும் திருடன் என்றிருக்கிறார்கள்.

"இதை ஏம்மா நீ சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் கம்பைலரே சொல்லுதே."

டெனிஸ் அவளையே பார்த்தார். "நாளைக்கும் வா. இனி எப்பவும் வா."

பிறகு மரே பக்கம் திரும்பினார். டெனிஸ் திட்டத் தொடங்கினால் எதிரே யாரும் நிற்க முடியாது. ஆனால் அவருக்கு முன்னால் கர்ஸ்டி எழுந்துவிட்டாள்.

"வெட்கமா இல்லையா, மரே? உங்க தப்பையெல்லாம் ஒரு புதுப் பொண்ணு தலையில கட்டி, அவ சோத்துலயும் மண்ணைப் போடப் பாத்தீங்களே. இதுல தலைவர் நாற்காலி வேற."

மற்றவர்களும் எழுந்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் ஒருவர். மன்னிப்பெல்லாம் போதாது, நாற்காலியைக் காலி பண்ணட்டும் என்றார் இன்னொருவர். சத்தியமாக எனக்குத் தெரியாது, சுவரில் வந்ததைத்தான் பார்த்தேன் என்று மரே முணுமுணுத்தார். கேட்க ஆளில்லை.

டெனிஸ் கையை நீட்டி வாசலைக் காட்டப் போனார்.

லோசா குறுக்கே வந்தாள்.

"அவரை விட்டுடுங்க, டெனிஸ். ரெண்டாவது வரியில அவரோட ஃபைல் வந்தது இன்னிக்குத்தான் முதல் தடவை."

நின்றுகொண்டிருந்த எல்லோரும், கர்ஸ்டி முதலாக, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள்.