வெறும் வயிறு

ஏட்டையா குழாயைக் கடித்துவிட்டார்.

சும்மா கடி இல்லை. பல்லுக்கு நடுவே செருகியிருந்த பிளாஸ்டிக் வளையம் மட்டும் இல்லையென்றால் குழாய் இரண்டு துண்டு.

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் விரல் தடிமன் குழாய்தான். அவர் கண்ணுக்கு அது தீயணைப்பு வண்டியிலிருந்து இழுத்து வந்தது. முனையில் விளக்கு வேறு.

இடது பக்கமாகப் படுக்க வைத்திருந்தார்கள். தொண்டையில் அடித்த கசப்பு மருந்தில் நாக்கு செத்துப்போயிருந்தது. கால்களுக்கு மட்டும் உயிர் இருந்தது.

வலது கால் ஓர் உதை விட்டது.

மருந்துத் தட்டு பறந்தது. கத்தரி பறந்தது. சுவர்க் கடிகாரம் பயத்தில் ஐந்து நிமிடம் பின்னால் போனது.

“ஏட்டையா, ஒத்துழைப்புக் கொடுங்க!” என்று கத்தினார் காலைப் பிடித்திருந்த ஊழியர் தங்கமாயன்.

அடுத்த உதை தங்கமாயனின் தாடைக்கு.

முப்பத்து நான்கு வருடம் காவல் நிலையத்தில் மற்றவர்களிடம் இதே வார்த்தையைச் சொன்னவர் ஏட்டையா. லத்தியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஒரு சைக்கிள் காணாமல் போனதற்கு மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அவரை நான்கு பேர் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பது என்று வைத்துக்கொண்டாலும் மோசமில்லை.

குழாய் இறங்கியது.

எட்டு மாதமாக வயிற்று வலியை அவர் கேஸ் என்றுதான் சொல்லிவந்தார். நம் ஊரில் கழுத்துக்குக் கீழே, முட்டிக்கு மேலே எது வலித்தாலும் அது கேஸ். ரோஸ் நிற மருந்தைக் குடம் குடமாகக் குடித்தார். கேஸ் போகவில்லை. பதினான்கு கிலோ போனது. பெல்ட்டில் ஓட்டை போட்டுப் போட்டு, பெல்ட்டைவிட ஓட்டை அதிகமாகிவிட்டது.

அண்ணன் வயிற்றுப் புற்றுநோயில் போனவர். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுக்காமலே மனைவி பூங்காவனம் இவரை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டாள்.

உள்ளே கட்டி இருக்கிறதா, இல்லையா.

இன்று தெரிந்துவிடும்.

திரையில் வயிறு தெரிந்தது.

டாக்டர், மகள் வயதுப் பெண், ஒரு நொடி பார்த்தாள். குழாயைச் சரசரவென்று உருவினாள்.

கூடவே எல்லாம் வந்தது.

வாந்தி என்று சொன்னால் அதற்கு மரியாதைக் குறைவு. அணை உடைந்தது. படுக்கை, தரை, டாக்டரின் பச்சை அங்கி, தங்கமாயனின் சாயம் அடித்த மீசை. எதுவும் தப்பவில்லை.

அவர் மூச்சு நின்றது.

முகம் நீலமானது. கவிழ்த்துப் போட்டார்கள். முதுகில் குத்தினார்கள். அவர் வாங்கிய முதல் போலீஸ் அடி அது, போலீஸ் அல்லாதவர்கள் கையால். ஏழாவது குத்தில் மூச்சு திரும்பியது.

டாக்டர் வெடித்தாள்.

“வெறும் வயித்தோட வாங்கன்னு சொன்னா, மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்து படுத்திருக்கீங்க! மூச்சுக்குழாய்ல ஏறியிருந்தா இங்கயே போயிருப்பீங்க, தெரியுமா?”

“சாப்பிடலம்மா.”

“அப்ப இது என்ன? முழுசு முழுசா கடலை!”

“சத்தியமா சாப்பிடல.”

“போலீஸ்ல இருந்துட்டு இப்படிப் பொய் சொல்றீங்களே!”

ஆயுளில் அவர் சொன்ன கலப்படமில்லாத உண்மை அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒருவரும் நம்பவில்லை.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பிடுங்கினார். தலைக்கு மேலே ஓங்கினார். நான்கு பேரும் நான்கு மூலைக்கு ஓடினார்கள்.

சத்தம் கேட்டுப் பூங்காவனம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

கம்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். குனிந்தாள்.

“இது ஞாயித்துக்கெழம வச்ச கொண்டக்கடலக் கொழம்புல்ல?”

அன்று புதன்கிழமை.

டாக்டரும் குனிந்தாள்.

“ஞாயித்துக்கிழமையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“அதுக்கப்புறம் கடலையே ஊறப்போடல டாக்டர். ரெண்டு நாளா கஞ்சிதான், அதுவும் ரெண்டு வாய். நேத்து ராத்திரியிலருந்து அதுவுமில்ல. நான் பக்கத்துலயேதான இருக்கேன்.”

மூன்று நாள். கடலை வயிற்றைத் தாண்டவில்லை.

கீழே இறங்கும் வழியை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத்துணியால் அவர் தாடையைத் துடைத்துவிட்டாள்.

“ஐயா” என்றாள்.

மெதுவாக.

அதுவரை அவள் ஐயா என்று சொல்லவில்லை.

கம்பி இறங்கியது. கால் தானாக அடங்கியது. நான்கு பேர் சேர்ந்து பிடித்தபோதுகூட அடங்காத கால்.

கத்திக்கொண்டிருந்த ஆள் திடீரென்று தணிந்து பேசினால் என்ன அர்த்தம் என்று அவரைவிடத் தெரிந்தவர் ஏழு மாவட்டத்தில் கிடையாது.

டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“காலையில நாலு இட்லி தின்னேம்மா. கடலையும் நாந்தான் தின்னேன், பொண்டாட்டிக்குத் தெரியாம. எழுதிக்கங்க. கையெழுத்துப் போடுறேன்.”

டாக்டர் எழுதவில்லை. பூங்காவனத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஆமா டாக்டர்” என்றாள். “தின்னாரு. நான் பாத்தேன்.”