மங்கிய பழுப்புக் கோடு

நுண்ணோக்கியின் ஒரு பக்கம் ஆய்வு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார்; எதிர்ப்பக்கம், இரண்டாவது ஆள் பார்ப்பதற்கான குழாயில், மாமியார்; கதவோர முக்காலியில், வெந்நீர்ப் பையை அடிவயிற்றோடு அணைத்தபடி மருமகள். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு அவளுக்குக் கருப்பைக்கு வெளியிலும் வளர்ந்திருக்கிறது. நாளை அறுவை. வெட்டியெடுப்பதில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தருவதாக அவள் எழுதிய கடிதம், உறை ஒட்டாமல் மடியில் கிடக்கிறது. “ஊர்ல இல்லாத வலியா? இதைப் போய் நாலு பேருக்குக் காட்டணுமா?” என்று வழியெல்லாம் முணுமுணுத்த மாமியார் இப்போது ஒற்றைக் கண்ணை இடுக்குகிறார். “கறுப்பா முள்ளு முள்ளாத் தெரியுதே, இதானா அந்த நோய்?” “அது உங்க இமைமுடிம்மா. கொஞ்சம் தள்ளி, ரெண்டு கண்ணாலயும் பாருங்க.” மருமகளுக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வலிக்கிறது. மருத்துவர் நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்புகிறார். “பழுப்பா கோடு தெரியுதா? செல்லும் செல்லும் கைகோத்து நிக்க உதவுற புரதம். சாயம் போட்டிருக்கோம். இந்தப் பக்கம் கோடு மங்கியிருக்கு பாருங்க. பிடி தளர்ந்ததாலதான் இடம் மாறிப் போய் ஒட்டுதான்னு தேடுறோம்.” “யாரோடது இது?” “பேர் இருக்காதும்மா. யாரோ ஒருத்தங்க குடுத்தது.” மாமியார் கண்ணை எடுக்கவில்லை. “பாவம், எப்படி வலிச்சிருக்கும் இவளுக்கு,” என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து தனக்குக் கிடைக்காத அந்த வார்த்தை, முகம் தெரியாத ஒருத்திக்குக் கிடைப்பதை மருமகள் கேட்கிறாள். உறையின் ஓரத்தை நாவால் ஈரப்படுத்துகிறாள். “நாளையிலேர்ந்து அந்த யாரோ நான்தான் அத்தை,” என்று சொல்லி, கட்டைவிரலால் முனையிலிருந்து முனைவரை அழுத்தி ஒட்டுகிறாள். மருத்துவர் நீட்டும் கையைக் கடந்து, சுவரோரம் இருக்கும் ஒப்புதல் கடிதப் பெட்டிவரை தானே நடந்துபோய்ப் போடுகிறாள்.