பச்சையில் அறுத்தவன்

"பால் பிடிக்காத கோதுமையை எவனாவது அறுப்பானா? நீயெல்லாம் மனுஷனா, அண்ணே?"

வரப்பில் நின்று கத்தினாள் மொன்ஜியா. மேல் வயல்காரன் லஸ்ஹர் நிமிரவே இல்லை. விடிந்தும் விடியாத பொழுதில், அவனும் மனைவியும் பனி காய்வதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டுக்குத் தீனி" என்றான்.

"இருக்கிறது ரெண்டு ஆடு! தீவன வியாபாரி நல்ல விலை சொல்லியிருப்பான், அதானே? ரொட்டியாகப் போறதை வெட்டிப் போட்டிருக்கியே, அல்லாவுக்குப் பயந்தவனா நீ?"

அவன் அடுத்த பிடியை அறுத்தான். அவன் மனைவி மட்டும் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தாள் மொன்ஜியா.

புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது கீழ்ச் சரிவில் நாலு ஏக்கரில் விதைக்கென்று விற்கும் கோதுமைதான். பிள்ளைகளின் வருஷச் சாப்பாடே அதில்தான். பயிரின் அருமை தெரிந்தவளுக்குப் பொறுக்கவில்லை. அறுத்துப் போட்டதில் ஒரு கட்டு வாரி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். நாலு பேர் பார்க்கட்டும், இவன் லட்சணத்தை!

காப்பிக்கடை வாசலில் கட்டைப் போட்டு, லஸ்ஹர் செய்ததைச் சொன்னாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் காறித் துப்பினார்கள்.

"இனி அவன் வந்தா காப்பி ஊத்தாதே" என்றார் ஒருவர்.

அந்த வழியாக வந்த வேளாண்மை அலுவலர் நௌஃபல் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கட்டைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"யாரும் தொடாதீங்க! மஞ்சள் துரு நோய் இது. நேத்துதான் லஸ்ஹர் இலையைக் கொண்டுவந்து காட்டினார். மருந்து எங்க தேடியும் கிடைக்கலை. காத்து அடிச்சா கீழே உங்க வயலுக்குத் தொத்திக்கும்னு, பனி ஈரத்துல நோய்த் தூள் பறக்காதப்பவே அறுத்துடறேன்னார்."

மொன்ஜியா திகைத்துப்போனாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"பக்கத்து வயல்ல நோய்னு தெரிஞ்சா, விதைக்கு எடுக்கிறவன் உங்களதையும் வேண்டாம்னுடுவானாம். அதான் என்னையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னார். நேத்து சாயங்காலம் உங்க பயிரைப் பார்த்தேன், அக்கா. ஒரு புள்ளி இல்லை."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவள் மார்பு, கை, முக்காடு எங்கும் மஞ்சள் தூள்.

"இதை எந்த வழியா தூக்கிட்டு வந்தீங்க?"

மொன்ஜியா குனிந்து தன் முக்காட்டைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் வந்து சொல்லணும்னு... என் வயலுக்கு நடுவாலதான், தம்பி."