மிஞ்சிய மீன்

வரவேற்பறைக் கடல்நீர்த் தொட்டியில், பவளங்களுக்கிடையே இருந்த இரண்டு கோமாளி மீன்களில் பெரியது போன வாரம் செத்தது. அதுதான் பெண். தண்ணீரின் உப்பை அளந்து பார்த்தான் இன்பராஜ், சரியாகத்தான் இருந்தது. இன்னொரு பெண் மீன் வேண்டுமென்று கடைக்காரருக்குப் போன் செய்தான்.

"வேண்டாம் சார், சண்டை போடும். இருக்குற ஆணே கொஞ்ச நாள்ல பொண்ணா மாறிடும்."

பெரியது தின்று முடிக்கும்வரை எப்போதும் ஒதுங்கி நின்ற மீன், அன்று தீனிக்கு முதலில் வந்தது.

சீப்போடு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் மகள் ரெனி. அவள் அம்மா இறந்து ஐந்து மாதமாகிறது. தலைவாரிப் பின்னத் தொடங்கினான்.

"மெதுவாப்பா. அம்மா மாதிரியே இழுக்கறீங்க."

சடையை மடித்துக் கட்டிவிட்டு, சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுருட்டி, தூ தூவென்று மூன்று முறை துப்பி வெளியே எறிந்தான்.